பழவேற்காட்டு ஏரியில் பாய்மரப் படகோட்டக் கல்வி: மரபறிவும் விடுமுறைப் பயணமும்

ஆய்வுச் சுருக்கம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கே அமைந்துள்ள பழவேற்காட்டு ஏரியும் அதனோடு இணைந்த பக்கிங்காம் கால்வாயும் மரப்படகுகளைக் கழியாலும் பாயாலும் ஓட்டும் நுட்பத்திற்கு நெடுங்காலக் களங்களாக விளங்கியவை. இயந்திரப் படகுகளின் பெருக்கத்தால் இந்நுட்பம் அருகிவருகிறது. விடுமுறை நாளில் ஏரிக்கு வருபவர் படகில் சுமையாக அமர்ந்து செல்கிறாரேயன்றி அதனை ஓட்டக் கற்பதில்லை. ஆழங்குறைந்த உப்பங்கழியில் மரப்படகை ஓட்டுதல் என்பது எவ்வெவ் அறிவுக்கூறுகளால் ஆனது, அவை எவ்வரிசையில் கற்கப்படத் தக்கவை, அக்கல்வியை விடுமுறைப் பயணத்தின் வடிவில் அமைத்தல் இயலுமா ஆகிய வினாக்களை இக்கட்டுரை விளக்கமுறையில் ஆராய்கிறது. கலத்தின் உடலைக் காப்பதும் கலத்தை ஓட்டும் செயலைக் காப்பதும் வெவ்வேறானவை என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: பழவேற்காடு, பக்கிங்காம் கால்வாய், பாய்மரப் படகு, ஓடக்கோல், பாடு முறை, மரபறிவு, விடுமுறைக் கல்வி.

1. முன்னுரை

தமிழர் கடல்வழி வாணிகம் குறித்தும் கப்பற்கலை குறித்தும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை துறைமுகம், வாணிகப் பொருள், கலப்பெயர்கள், அரசரின் கடற்படையெடுப்பு ஆகியவற்றை மையமிட்டவை. ஒரு சிறு மரப்படகை ஒரு மனிதர் எவ்வாறு ஓட்டினார், அவ்வாற்றலை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கைமாற்றினார் என்னும் வினா ஒப்பீட்டளவில் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. இலக்கியச் சான்றும் கல்வெட்டுச் சான்றும் கலத்தைப் பற்றிப் பேசுகின்றன. கலம் ஓட்டிய கையைப் பற்றி அரிதாகவே பேசுகின்றன. கப்பல் சாத்திரம் போன்ற தமிழ் நூல்களும் மரத்தின் அளவு, கலம் அமைத்தற்குரிய நாள், நிமித்தம் முதலியவற்றையே முதன்மைப்படுத்துகின்றன. ஓட்டும் செயல் ஏட்டில் ஏறாமல் உடற்பயிற்சியாகவே வாழ்ந்து வந்துள்ளது. எனவே அதனைப் பயில்வோர் இல்லாதொழியும் நாளில் அது முற்றும் மறையும்.

இவ்வினாவிற்கு உயிர்ப்பாதுகாப்புச் சார்ந்த மற்றொரு முகமும் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், விடுமுறையைக் கழிக்கப் பழவேற்காட்டிற்கு வந்தோரை ஏற்றிச்சென்ற படகு ஏரியில் கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அங்கு உல்லாசப் படகுப் பயணத்திற்குத் தடை விதிக்கப்பட்டது. தடை என்பது உடனடித் தேவைக்கான நடவடிக்கை. எனினும், நீரையும் காற்றையும் படகையும் பற்றி ஏதுமறியாத மக்கள் நீரின்மேல் செல்ல விழையும் நிலையை அது மாற்றுவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் எண்ணூரையொட்டிய ஆலைகளிலும் பணிபுரியும் பல்லாயிரவருக்கு மிக அண்மையில் உள்ள பெரிய நீர்ப்பரப்பு இவ்வேரியே. அவர்கள் நீரை நாடி வருவர் என்பது உறுதி. எத்தகைய அறிவோடு வருவர் என்பதே வினா.

2. களம்: ஏரியும் கால்வாயும்

பழவேற்காட்டு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்த நிலையில் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கி.மீ. நீண்டு கிடக்கும் இக்காயலை வங்கக் கடலினின்று ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல்தீவு பிரிக்கிறது. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் இதிற் கலக்கின்றன. ஓதத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப நீர்ப்பரப்பு விரிந்தும் சுருங்கியும் காணப்படும். சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே. இவ்வாழமின்மையே இங்குள்ள படகின் வடிவத்தையும் ஓட்டும் முறையையும் தீர்மானித்த முதற்காரணியாகும்.

பழவேற்காட்டூர் முகத்துவாரத்தை ஒட்டியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் இங்கு நிலைகொண்டு 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை அவர்களது சோழமண்டலக் கடற்கரை வாணிகத்தின் தலைமையிடம் இதுவே. பெருங்கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கை முகத்துவாரத்தின் வழியே கரைக்குக் கொணர்ந்தவை உள்ளூர்ச் சிறுபடகுகள். மணல்திட்டு இடம்மாறும் முகத்துவாரத்தில் அவற்றைச் செலுத்திய உள்ளூர் மாந்தரின் திறனின்றி அவ்வாணிகம் நடந்திராது.

ஏரியைச் சென்னையோடு இணைத்த உள்நாட்டு நீர்வழி பக்கிங்காம் கால்வாய். 1806இல் பாசில் காக்ரேன் என்பாரின் முதலீட்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதற்பகுதி வெட்டப்பட்டது. பின்னர் அது பழவேற்காடு நோக்கியும் அதற்கு வடக்கேயும் நீட்டிக்கப்பட்டது. பெரும் பஞ்சத்தின்போது, 1877–78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. 1878இல் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. உப்பு, விறகு, கிளிஞ்சல், தானியம் முதலியன இதன்வழிச் சென்னைக்கு வந்தன. சரக்குப் படகுகளைக் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தனர். படகிலிருந்து கழியால் உந்தினர். காற்று இசைந்தபோது பாய் விரித்தனர். ஆகவே கால்வாய்ப் படகோட்டி ஒருவர் மூவகை உந்துமுறையையும் அறிந்தவராக இருந்தார்.

இருப்புப்பாதை, சாலை ஆகியவற்றின் வளர்ச்சியாலும் புயற்சேதத்தாலும் தூர்வினாலும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கால்வாய்ப் போக்குவரத்து நலிந்தது. 2008இல் இக்கால்வாய் உள்ளிட்ட நீர்வழி தேசிய நீர்வழி 4 என அறிவிக்கப்பட்ட போதிலும் எண்ணூர்ப் பகுதியில் பழைய படகுப் போக்குவரத்து மீளவில்லை. அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் சூழ்ந்த எண்ணூர்க் கழிமுகத்தில் பாய்மரப் பயிற்சிக்கு இன்று இடமில்லை. எஞ்சியுள்ள களம் பழவேற்காட்டு ஏரியே.

3. கலமும் அதன் சொற்களும்

ஆழமற்ற நீரில் ஓடும் மரப்படகிற்கு அடிப்பகுதி தட்டையாகவோ தட்டைக்கு அண்மையதாகவோ அமையவேண்டும். கூர்மையான ஏரா, அதாவது அடிமரம், நீருள் நீண்டால் படகு மணலில் தட்டும். தட்டையடி தரும் நன்மைகள் இரண்டு: படகு முழங்கால் நீரிலும் மிதக்கும், கரையேற்றும்போது சாயாமல் நிற்கும். அதற்குரிய விலையும் உண்டு. பக்கவாட்டுக் காற்றில் பாய் விரித்தால் படகு முன்னே செல்லும் அளவிற்குப் பக்கத்திலும் நழுவும். இந்நழுவலைத் தடுக்கச் சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரத்திலும், அதிராம்பட்டினம் முதல் கோடியக்கரை வரையுள்ள வத்தை என்னும் படகிலும் நீருள் இறக்கும் பலகை கையாளப்பட்டது. வத்தையில், சாய்வை ஈடுசெய்யக் குறுக்கே நீட்டிய பலகையின்மேல் ஆள் ஏறி அமர்வதும் உண்டு. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய அமைப்புகளைக் கவனப்படுத்தினார்.

கற்பவர் முதலில் அறியவேண்டியவை உறுப்புகளின் பெயர்கள். முன்பகுதி அணியம். பாயைத் தாங்கி நிற்பது பாய்மரம். பாயின் மேல்விளிம்பு கட்டப்பட்டிருக்கும் குறுக்குமரம் பருமல். பருமலைப் பாய்மரத்தின் உச்சிக்கு ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையைப் பிடித்து இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு தாமான். திசை திருப்புவது சுக்கான். சிறுபடகில் நீண்ட துடுப்பே அப்பணியைச் செய்யும். இச்சொற்களுட் சில அரபு, பாரசீகம் முதலிய மொழிகளின் வழிவந்தவை. கடலோடிகள் பிறமொழி மாலுமிகளோடு ஒரே கலத்தில் உழைத்ததன் தடயங்கள் அவை. பழவேற்காட்டுக் கரையில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குவதால் ஒரே உறுப்பிற்கு இருமொழிப் பெயர்கள் கேட்கப்படுவதும் இயல்பு.

இச்சொற்களுள் பல அகராதியில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் 'தாமான்' என்பது பாயின் கயிறு எனக் கூறும் அகராதி, அதனை எப்போது கைவிடவேண்டும் என்று கூறுவதில்லை. சொல்லின் முழுப்பொருள் செயலிலேயே நிறைவுறுகிறது. செயல் மறைந்தபின் எஞ்சும் சொல் அருஞ்சொல் ஆகிவிடும்.

4. காற்றை அறிதல்

வாடை, தென்றல், கொண்டல், கோடை எனக் காற்றைத் திசைவழிப் பெயரிட்ட மரபு தமிழில் தொன்மையானது. கடற்கரை வழக்கில் தெற்கிலிருந்து வருவதைச் சோழகம் என்றும் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும் வழங்குவர். இலக்கியம் பயில்வோர் இப்பெயர்களைப் பருவ வருணனையாகவும் அகத்திணை உணர்வின் பின்புலமாகவும் காண்பது வழக்கம். படகோட்டிக்கு அவை செயற்குறிப்புகள். ஒரு பெயரைக் கேட்ட அளவில், எக்கரைக்குச் செல்வது எளிது, எக்கரையினின்று மீள்வது அரிது என அவர் அறிந்துகொள்வார்.

பழவேற்காட்டில் காற்றின் ஒழுங்கு இருவகைச் சுழற்சியைக் கொண்டது. ஒன்று நாட்சுழற்சி. வைகறையில் நிலக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசும். முற்பகலில் அது ஓயும். நிலம் சூடேறியபின் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வலுப்பெறும். மற்றொன்று பருவச்சுழற்சி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் புயல்களும். அதன்பின் தணிந்த வாடை. வேனிலில் தெற்குக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்றும் பிற்பகற் கடற்காற்றும். கற்பவருக்கு உகந்தது, புயற்காலம் கடந்த தை, மாசி மாதங்களின் முற்பகற்பொழுது.

ஏரி வடக்குத் தெற்காக நீண்டிருப்பதால் வாடையும் சோழகமும் அதன் நீளவாக்கில் வீசும். காற்று நீரின்மேல் கடக்கும் தொலைவு கூடுமளவிற்கு அலை உயரும். ஆழமற்ற நீரில் எழும் அலை குறுகியதாகவும் செங்குத்தாகவும் அமையும். கடலின் நீண்ட அலையில் ஏறியிறங்கும் படகு, ஏரியின் குற்றலையில் தொடர்ந்து அறைபடும். "ஆழமற்ற ஏரிதானே" என்னும் எண்ணம் விடுமுறைப் பயணியிடம் காணப்படும் முதற்பிழை. அடிச்சேறு காலைப் பற்றிக்கொள்ளும் இடங்களிலும் ஓடை வெட்டிச் செல்லும் இடங்களிலும் ஒரு மீட்டர் என்னும் சராசரிக்குப் பொருளில்லை.

5. கற்றலின் படிநிலைகள்

5.1 கழி

பாய்மரப் படகோட்டம் பாயிலிருந்து தொடங்குவதில்லை; ஓடக்கோலிலிருந்து தொடங்குகிறது. மூங்கிற்கழியை நீரடியில் ஏறத்தாழச் செங்குத்தாக ஊன்றி, கைமேல் கைமாற்றி உந்தினால் படகு முன்செல்லும். கழியை முன்சாய்த்து ஊன்றினால் படகு தடைபடும். மிகவும் பின்சாய்த்தால் உந்துவிசை குறையும். சேற்றிற் புதைந்த கழியைச் சற்றே திருகி எடுக்கவேண்டும். எடுக்க இயலாவிடின் கழியை விட்டுவிட்டுப் படகோடு செல்லவேண்டும். கழியைப் பற்றிக்கொண்டு நின்றால் படகு காலடியிலிருந்து நழுவி அகலும். எதனைப் பற்றுவது, எதனை விடுவது என்னும் இப்பாடம் பின்னர்ப் பாயிலும் மீண்டும் வரும்.

கழி ஓர் உந்துகருவி மட்டுமன்று, அளவுகோலும் ஆகும். நீரின் ஆழத்தை அதன் நனைவு காட்டும். அடிநிலத்தின் தன்மையைக் கை உணரும்: மணல் உரசும், சேறு உறிஞ்சும், கிளிஞ்சல் படுகை நொறுங்கும். இவ்வுணர்வுகளைச் சேர்த்துவைத்தே படகோட்டி ஏரியின் அடிப்படத்தைத் தம் உள்ளத்தில் வரைகிறார். அச்சிட்ட வரைபடம் மழைக்காலத்திற்கு ஒருமுறை பழுதாகும் நீர்நிலையில் இதற்கு மாற்றில்லை.

5.2 சுக்கான்

சுக்கானைப் பயன்படுத்துவதில் புதியவர் தடுமாறுமிடம் இரண்டு. சுக்கானின் கைப்பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும் என்பது ஒன்று. படகு நகரும்போது மட்டுமே சுக்கான் பயன்படும் என்பது மற்றொன்று. நின்றுவிட்ட படகில் சுக்கானை எவ்வளவு அசைப்பினும் பயனில்லை. ஆகவே திசைமாற்றத்திற்கு முன் வேகத்தைக் காத்துக்கொள்ளவேண்டும். இதனைச் சொல்லால் விளக்குவதைக் காட்டிலும் அரைமணிநேரப் பயிற்சி தெளிவாக விளக்கும்.

5.3 பாய்

பின்காற்றில் தாமானைத் தளர்த்திப் பாயை விரியவிட வேண்டும். பக்கக்காற்றில் பாதியளவு இழுக்கவேண்டும். காற்று வரும் திசையை நோக்கிச் சாய்வாகச் செல்ல விழைந்தால் இறுக இழுக்கவேண்டும். காற்றிற்கு நேரெதிரே எப்பாய்மரப் படகும் செல்லாது. அத்திசையில் உள்ள இடத்தை அடைய வலமும் இடமுமாக வளைந்து வளைந்தே செல்லவேண்டும். தட்டையடிப் படகு இவ்வாறு செல்லும்போது பெரிதும் நழுவுமாதலின், குறித்த இடத்திற்குச் சற்று மேற்காற்றுப்பக்கமாகக் குறிவைத்துச் செலுத்துவது வழக்கம்.

பாய்ப்பாடத்தில் உயிர்காக்கும் விதி ஒன்று உண்டு. சிறுபடகில் தாமானைக் கட்டிவைத்தல் கூடாது. கையிலேயே வைத்திருத்தல் வேண்டும். திடீர்க்காற்று அறையும்போது தாமானை விட்டால் பாய் காற்றை உதறிவிடும், படகு நிமிரும். கட்டப்பட்ட தாமான் படகைக் கவிழ்க்கும். ஒரு கயிற்றைக் கையில் வைத்திருப்பதா கட்டிவிடுவதா என்னும் சிறு முடிவில் பலர் உயிர் அடங்கியுள்ளது. கைவலியால் தாமானைக் கட்டிவிட விழையும் புதியவருக்கு இவ்விதியே முதலில் புகட்டப்படவேண்டும்.

5.4 திரும்புதல்

சாய்ந்த பருமலில் கட்டிய முக்கோணப் பாயைக் கொண்ட படகு, காற்றின் மறுபக்கத்திற்கு மாறும்போது பருமலைப் பாய்மரத்தின் மறுபுறம் கொண்டுசெல்ல நேரும். அணியத்தைக் காற்றினூடே செலுத்தித் திரும்புவதைவிடப் பின்பகுதியைக் காற்றிற்குக் காட்டி வளைந்து திரும்புவது இவ்வகைப் படகில் எளிது. இதற்குக் கூடுதல் இடமும் பணியாளரின் ஒத்திசைவும் தேவை. ஒருவர் தாமானைத் தளர்த்த, மற்றொருவர் பருமலைத் தாங்கி மாற்ற, மூன்றாமவர் சுக்கானை ஏந்தவேண்டும். மீனவரின் அம்பாப் பாடல்களை நாட்டார் வழக்காற்றியல் தொழிற்பாடல் என வகைப்படுத்தும். ஒரே நொடியில் பலரது கை இழுக்கவும் விடவும் உதவும் தாளக்கட்டளையாக அவை பயன்பட்டன என்பதைக் கயிற்றைப் பிடித்தவர் உடனே உணர்வர்.

5.5 முகத்துவாரம்

இறுதிப் பாடம், செல்லக்கூடாத இடத்தை அறிதல். வற்றுநீர் ஏரியிலிருந்து கடலுக்கு விரைந்து வெளியேறும்போது கடற்காற்று எதிர்த்திசையில் வீசினால் முகத்துவாரத்தில் அலைகள் குவிந்து உடையும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்றின் வெள்ளமும் சேரும். மணல்திட்டோ ஒவ்வொரு பருவத்திலும் இடம்மாறும்.

ஆற்றுமுகத்தில் கலம் செலுத்துவதன் அருமையைச் சங்க இலக்கியமும் அறிந்திருந்தது. புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகாரின் முகத்தில் பெருங்கலம் புகுந்ததைச் சிறப்பித்துரைக்கிறார். இது துறைமுகத்தின் ஆழத்தைப் புகழ்வது. புகழ்ச்சிக்குரியது விதிவிலக்கே ஆதலின், ஏனைய முகங்களில் பாய் களைந்தும் பாரம் குறைத்தும் புகுவதே நடைமுறை என்பதை உய்த்துணரலாம். 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோரைக் காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்தியவராகப் போற்றுவதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. காற்றை அடக்குதல் என்பதன் பொருள் அதன் இயல்பையறிந்து பயன்கொள்ளுதலே. பழவேற்காட்டில் கற்பவர் எவரும் முகத்துவாரத்தை அணுகலாகாது என்னும் விதி இம்மரபறிவின் தொடர்ச்சியாகும்.

5.6 உடலின் சமன்

படகில் அமர்ந்திருப்பவர் நகரும் சுமை. ஒரு காட்சியைக் காண எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் சிலர் எழுந்து நின்றாலும் படகின் சமன் குலையும். பயணி இதனை அறியார். அறியவேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. கற்பவரோ பாய் சாயும் பக்கத்திற்கு எதிரே தம் உடலை நகர்த்துவார். அவ்வுடல் படகின் சமனில் பங்கேற்கும் உறுப்பாகிறது. பயணியர்க்கும் கற்பவர்க்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் மிகத் தெளிவாகப் புலனாகும்.

6. பாடு முறையும் நீரின் உரிமையும்

ஏரி வெற்றுவெளியன்று. பழவேற்காட்டில் 'பாடு' என வழங்கும் மரபுசார் பகிர்வுமுறை உள்ளது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளில் கழிநட்டு வலைகட்டி இறால் பிடிக்கும் உரிமை, குறிப்பிட்ட மீனவ ஊர்களைச் சேர்ந்த உறுப்பினரிடையே சீட்டுக் குலுக்கல், முறைமாற்று ஆகியவற்றின் வழிப் பகிரப்படுகிறது. எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலைகட்டுவது என்பது ஊர்க்கட்டுப்பாட்டால் உறுதிசெய்யப்படும். பொதுவள மேலாண்மை குறித்த ஆய்வுகளில் இம்முறை பலராலும் எடுத்துக்காட்டப்பெற்றுள்ளது. பாட்டில் இடம்பெறாத பிற சமூகத்தாரின் உரிமை பற்றிய வினாக்களும் அவற்றில் எழுப்பப்பட்டுள்ளன.

படகோட்டக் கல்விக்கு இது நேரடித் தொடர்புடையது. நட்ட கழிகளுக்கிடையே படகைச் செலுத்துபவர் ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாயை அறுத்துவிடக்கூடும். அன்றியும், ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாகும். பூநாரைகள் இரைதேடும் ஆழமற்ற பரப்புகள் படகிற்குரியவை அல்ல. ஆகவே எவ்விடத்தில் எப்போது செல்லலாகாது என்னும் அறிவு, கழியும் பாயும் பற்றிய அறிவிற்கு இணையானது. இவ்வறிவை வழங்கத் தகுதியுடையோர் அந்நீரில் வாழ்வு நடத்துவோரே.

7. கலம் பிழைத்தலும் செயல் பிழைத்தலும்

மரபுக் கலம் சுற்றுலாவின் வழிக் காக்கப்பட்டதற்குக் கேரளத்தின் கெட்டுவள்ளம் பரவலாக எடுத்துக்காட்டப்படும். கயிற்றால் தைத்த இச்சரக்குப் படகு சாலைப் போக்குவரத்தால் பயனிழந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் மிதக்கும் விடுதியாக மாற்றப்பட்டது. தச்சரின் கைத்திறனுக்கு அது வாழ்வளித்தது. ஆனால் பலகையின்மேல் அறைகள் எழுந்தன; இயந்திரம் பொருத்தப்பட்டது; கழியும் பாயும் தேவையற்றுப்போயின. பயணி படுக்கையில் ஓய்வுகொள்கிறார். அங்குக் கலத்தின் உடல் பிழைத்தது. ஓட்டும் செயல் பிழைக்கவில்லை.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்குள்ள ஆழமற்ற ஏரிகளிலும் அவற்றை இணைக்கும் ஆறுகளிலும் வெர்ரி என்னும் ஒற்றைப்பாய்ச் சரக்குப் படகு ஓடியது. பாலங்களின் கீழ்ச் செல்லப் பாய்மரத்தை இறக்கவும், காற்று ஓய்ந்தால் நீண்ட கழியால் உந்தவும் அதில் வழியிருந்தது. இருப்புப்பாதை அதன் சரக்கைக் கவர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படகுகளிற் சில விடுமுறையாளர்க்கு வாடகைக்கு விடப்பட்டன. பயணியர்க்கெனவே புதியனவும் கட்டப்பட்டன. 1898இல் கட்டப்பட்ட ஆல்பியன் என்னும் சரக்கு வெர்ரியைக் காக்க 1949இல் ஓர் அறக்கட்டளை தோன்றியது. அப்படகு இன்றும் தன்னார்வலரால் பாயால் ஓட்டப்படுகிறது. அந்நீர்நிலைகளில் விடுமுறைக்கு வருவோர் பழைய மரப்படகுகளை வாடகைக்கு எடுத்துத் தாமே பாயோட்டக் கற்கும் வழக்கமும் நிலைத்துள்ளது. அங்கு வருபவர் கயிற்றைப் பிடிக்கிறார். ஆகவே செயல் பிழைத்துள்ளது.

இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் அப்படியே பழவேற்காட்டிற்குப் பொருத்துதல் தகாது. நார்ஃபோக்கில் சரக்குத்தொழில் முடிந்தபின் நீர் ஓய்வுக்குரியதாயிற்று. பழவேற்காட்டிலோ நீர் இன்றும் மீனவரின் உழைப்புக்களம். இயந்திரம் பொருத்தும் முயற்சிகளும் கண்ணாடியிழைப் படகின் வரவும், 2004 ஆழிப்பேரலைக்குப்பின் அவ்வகைப் படகுகள் நிவாரணமாகப் பெருமளவில் வழங்கப்பட்டமையும், தமிழகக் கடற்கரை நெடுகிலும் மரக்கலப் பயன்பாட்டைக் குறைத்தன. இதனை வீழ்ச்சி எனப் புலம்புவது உழைப்பவரின் நோக்கிலிருந்து நியாயமாகாது. அவர் நேரத்தையும் உடல்வலியையும் இயந்திரம் மிச்சப்படுத்தியது. மரபைக் காக்கும் சுமையை அவர்மேல் ஏற்றுவது முறையன்று. பாயோட்டும் அறிவைக் கற்பிப்பது அவருக்கு மதிப்பும் ஊதியமும் தரும் பணியாக மாறினால் மட்டுமே அதனை அவர் பேணவேண்டும் என நாம் எதிர்பார்க்கலாம்.

8. விடுமுறைக் கல்வியாக அமைத்தல்

சென்னையில் பாய்மரப் பயிற்சி இல்லாமலில்லை. 1911இல் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற அமைப்புகள் பன்னாட்டு விளையாட்டுப் போட்டிக்குரிய படகுகளில் பயிற்சி அளிக்கின்றன. அவை காற்றின் பொதுவிதிகளைக் கற்பிப்பனவேயன்றித் தட்டையடி மரப்படகையும், கழியையும், தமிழ்க் கலைச்சொற்களையும், பாடு முறையையும் உள்ளடக்குவனவல்ல. பழவேற்காட்டில் அமையக்கூடிய கல்வி அவற்றிற்குப் போட்டியன்று, வேறொரு பாடத்திட்டம்.

அத்தகைய கல்விக்குப் பின்வரும் அடிப்படைகள் தேவையெனக் கருதலாம்.

முதலாவது, கற்பவர் எண்ணிக்கை. ஒரு படகில் ஓர் ஆசானும் மூவர் அல்லது நால்வரும் மட்டுமே இருத்தல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பணி இருந்தால் எவரும் சுமையாகார். மிதவை அங்கி அனைவருக்கும் கட்டாயம்.

இரண்டாவது, காலம். ஒரே பிற்பகலில் கற்பிக்க இயலாது. முதல்நாள் கழியும் ஆழமறிதலும், இரண்டாம்நாள் சுக்கானும் பின்காற்றும், மூன்றாம்நாள் பக்கக்காற்றும் திரும்புதலும் என மூன்று நாள் பொங்கல் விடுமுறையில் ஒரு தொடக்கப் பாடத்தை அடக்கலாம். அப்பருவமே காற்றும் தணியத்தொடங்கும் பருவம்.

மூன்றாவது, இடம். முகத்துவாரம், பாட்டுப் பகுதிகள், பறவைகள் இரைதேடும் பரப்பு ஆகியவற்றை நீக்கிய எல்லையை ஊரவரே வரையறுக்க வேண்டும்.

நான்காவது, சட்டநிலை. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரமற்ற கலங்களுக்கெனத் தனி இயலைக் கொண்டு, அவற்றைப் பதிவுசெய்யும் பொறுப்பில் உள்ளாட்சி அமைப்புகளுக்கு இடமளிக்கிறது. படகுப் பயணத்திற்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளை மீறாமல், மாவட்ட நிருவாகம், வனத்துறை, ஊராட்சி, மீனவ ஊர்ச்சபை ஆகிய நான்கின் இசைவோடு மட்டுமே இக்கல்வி தொடங்கப்படல் வேண்டும்.

ஐந்தாவது, ஆவணம். தமிழ்த்துறை ஆய்வாளரின் பங்கு இங்குதான். சொற்பட்டியல் தொகுப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லும் எச்செயலின்போது, எக்குரலில், எக்கட்டளையாக ஒலிக்கிறது என்பதைக் காணொலியோடு பதிவுசெய்தல் வேண்டும். கயிற்றைப் பிடித்தறியாத ஆய்வாளர் அக்கட்டளையின் பொருளை முழுமையாகப் பதிவுசெய்தல் அரிது. ஆதலின் கள ஆய்வாளரே முதல் மாணவராதல் வேண்டும்.

9. முடிவுரை

பழவேற்காட்டு ஏரியில் மரப்படகை ஓட்டுதல் என்பது கழி, சுக்கான், பாய், காற்று, ஓதம், நீருரிமை ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் அறிவுத்தொகுதி. இதன் சொற்கள் அகராதியிலும் கலத்தின் வடிவம் அருங்காட்சியகத்திலும் எஞ்சக்கூடும்; செயல் பயில்பவர் கையில் மட்டுமே எஞ்சும். சுற்றுலா இவ்வறிவைக் காக்கும் என்பது பொதுவாக உண்மையன்று. பயணியை அமரவைக்கும் சுற்றுலா கலத்தை மட்டும் காக்கும். பயணியிடம் தாமானைக் கொடுக்கும் கல்வியே செயலைக் காக்கும்.

நீரினின்று மக்களை விலக்குவது ஒருவகைப் பாதுகாப்பு. நீரை அறிந்தவராக அவர்களை ஆக்குவது மற்றொருவகைப் பாதுகாப்பு. எழுந்து நிற்கலாகாது, தாமானைக் கட்டலாகாது, புதைந்த கழியை விட்டுவிட வேண்டும், முகத்துவாரத்தை அணுகலாகாது என்னும் நான்கினையும் ஒருமுறை கைப்படக் கற்றவர், பின்னர் எப்படகில் ஏறினும் அதன் நிலையை மதிப்பிடவும் தேவையெனில் ஏற மறுக்கவும் வல்லவராவார். கற்பிக்க வல்லோர் கரையில் உள்ள காலத்திலேயே இக்கல்வி தொடங்கப்படுமாயின் மரபறிவும் மக்கள் உயிரும் ஒருங்கே பேணப்படும்.